கணினியில் புள்ளிக்கட்ட விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளிகளை வரிசையாக வைத்து, கோடு போட்டு, கட்டம் பிடிக்கும் விளையாட்டை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு முறையேனும் ஆடாதவர் குறைவு. அதையே கணினியில் ஆடத் தொடங்குபவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே முறையீடுதான் எழுகிறது: முக்கால்வாசி ஆட்டம் வரை சமமாகப் போய்க்கொண்டிருந்தது, பிறகு கணினி ஒரே மூச்சில் எல்லாக் கட்டங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த முறையீட்டைச் சுற்றி எழும் கேள்விகளுக்கும், விதிகள், பலகை அளவு, நிரல்களின் திறன் ஆகியவை பற்றிய பொதுவான ஐயங்களுக்கும் இங்கே பதில் தரப்படுகிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

செவ்வக வடிவில் புள்ளிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆடுபவர்கள் முறை வைத்து, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைக் குறுக்காகவோ நெடுக்காகவோ ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். மூலைவாட்டில் கோடு போட முடியாது. ஒருவர் போடும் கோடு ஒரு கட்டத்தின் நான்காவது பக்கமாக அமைந்தால் அந்தக் கட்டம் அவருடையது. தாளில் அதற்குள் பெயரின் முதலெழுத்தை எழுதுவோம்; கணினி அதற்கு ஒரு நிறம் பூசும். கட்டம் பிடித்தவர் உடனே இன்னொரு கோடு போட வேண்டும், அதிலும் கட்டம் முடிந்தால் மேலும் ஒன்று. எல்லாக் கோடுகளும் தீர்ந்தபின் அதிகக் கட்டங்களை வைத்திருப்பவர் வென்றவர்.

கட்டத்தின் முதல் மூன்று பக்கங்களையும் நீங்களே போட்டிருந்தாலும் நான்காவதைப் போடுபவருக்கே கட்டம் சேரும். கோட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. சில நிரல்கள் கோடுகளை ஆடுபவரின் நிறத்தில் காட்டுவதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். அந்த நிறத்துக்கு ஆட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை.

மூன்று பக்கம் முடிந்த கட்டத்தைக் கட்டாயம் எடுத்தாக வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டம் பிடித்தபின் மறுபடி ஆடுவதுதான் கட்டாயம். பிடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இந்த விளையாட்டின் நுட்பம் முழுவதும் இந்த ஒரு சுதந்திரத்தில்தான் அடங்கியிருக்கிறது. எடுக்கக்கூடிய கட்டங்களைத் தானாகவே எடுத்துக்கொடுக்கும் வசதி உங்கள் நிரலில் இருந்தால், அதை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். அது உதவிபோலத் தோன்றினாலும், ஆட்டத்தின் மிக முக்கியமான முடிவை உங்கள் கையிலிருந்து பறித்துவிடுகிறது.

இந்த விளையாட்டு எப்போது தோன்றியது?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா 1889-இல் இதை 'பிப்போபிப்பெட்' என்ற பெயரில் அச்சில் வெளியிட்டார். பாரிஸிலிருந்த எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களிடமிருந்து வந்தது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். கோபுர வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்றும் ஹனோய் கோபுரப் புதிரை 1883-இல் வெளியிட்டவரும் இவரே. ஆழமான கணித ஆய்வு என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த எல்வின் பெர்லிகாம்ப், ஜான் கான்வே, ரிச்சர்ட் கை ஆகிய இருவரோடு சேர்ந்து 1982-இல் வெளியிட்ட விளையாட்டுக் கணித நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். 2000-இல் இந்த ஒரு விளையாட்டுக்காகவே தனி நூலும் எழுதினார். இன்று நல்ல நிரல்கள் பின்பற்றும் உத்திகள் பெரும்பாலும் அந்த ஆய்விலிருந்து வந்தவை.

எந்த நிரலில் ஆடுவது நல்லது?

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு, கே.டி.ஈ. குழுவினரின் விளையாட்டுத் தொகுப்பில் உள்ள 'கேஸ்கொயர்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. மனிதர், கணினி என்று கலந்து நான்கு பேர் வரை ஆடலாம். பலகையின் அகல உயரங்களை மாற்றிக்கொள்ளலாம். மனிதர்களோடு நிதானமாக ஆட விரும்பினால், முறைவைத்து ஆடும் விளையாட்டுகளுக்கான 'லிட்டில் கோலெம்' தளத்தில் இந்த விளையாட்டும் இடம்பெற்றிருக்கிறது. அங்கே ஒரு கோட்டுக்கு மணிக்கணக்கில் யோசிக்கலாம் என்பதால் தேர்ந்த ஆட்டக்காரர்களும் இருப்பார்கள். கைபேசியில் இதே விளையாட்டு எண்ணற்ற பெயர்களில் இருக்கிறது. அவற்றில் எதைத் தேர்ந்தாலும் மூன்றைப் பாருங்கள்: பலகை அளவை மாற்ற முடிகிறதா, யார் முதலில் ஆடுவது என்று நீங்களே தீர்மானிக்க முடிகிறதா, போட்ட கோட்டைத் திரும்பப் பெற முடிகிறதா. அழகான ஒலியும் அசைவும் இருந்து இந்த மூன்றும் இல்லாத நிரல், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்குப் பயன்படாது.

பலகை அளவு 5×5 என்றால் ஐந்து புள்ளிகளா, ஐந்து கட்டங்களா?

நிரலுக்கு நிரல் மாறுகிறது. முதல் ஆட்டத்துக்கு முன் எண்ணிப் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் எல்லா இடத்திலும் கட்டங்களின் எண்ணிக்கையே குறிக்கப்படுகிறது. அதன்படி 5×5 பலகையில் 25 கட்டங்கள், 36 புள்ளிகள், 60 கோடுகள். 3×3 பலகையில் 9 கட்டங்கள், 16 புள்ளிகள், 24 கோடுகள். கற்றுக்கொள்ள 3×3 போதும். ஆட்டமாக ஆட 5×5 சிறந்தது. பத்துக்குப் பத்து போன்ற பெரிய பலகைகளில் முதல் நூறு கோடுகள் வரை எதுவும் நிகழாது என்பதால், பொறுமைதான் சோதிக்கப்படுமே தவிர திறமை அல்ல.

கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் சமநிலையில் முடிய வழியில்லை. 4×4 போன்ற பலகைகளில் 8–8 என்று முடியலாம்.

தொடக்கத்திலேயே வெளிக்கோடுகள் போடப்பட்டிருக்கின்றனவே, அது பிழையா?

பிழையல்ல, ஒரு வகை. கோடு எதுவும் இல்லாமல் தொடங்குவதை அமெரிக்க முறை என்றும், சுற்றுக் கோடுகள் நான்கு பக்கமும் முன்பே போடப்பட்டிருப்பதை ஸ்வீடன் முறை என்றும், இரண்டு பக்கங்கள் மட்டும் போடப்பட்டிருப்பதை ஐஸ்லாந்து முறை என்றும் அழைப்பது வழக்கம். கேஸ்கொயர்ஸில் உள்ள விரைவுத் தொடக்க வசதி வேறு: அது பலகையில் சில கோடுகளைத் தானே போட்டுவிட்டு ஆட்டத்தை நடுவிலிருந்து தொடங்கித் தருகிறது. ஆரம்பக் கோடுகளில் பல ஆபத்தில்லாதவை என்பதால், அவற்றைக் கடந்து நேராகச் சிந்திக்க வேண்டிய இடத்துக்கு வர இது நல்ல வழி.

ஆட்டம் சமமாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கணினி ஏழெட்டுக் கட்டங்களை ஒன்றாக எடுத்தது எப்படி?

எந்தக் கட்டத்துக்கும் மூன்றாவது பக்கத்தைப் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு இருவரும் ஆடினால், ஒரு நேரத்தில் பாதுகாப்பான கோடுகள் எல்லாம் தீர்ந்துபோகும். அப்போது பலகையில் பெரும்பாலான கட்டங்களுக்கு இரண்டு பக்கம் அடைபட்டு இரண்டு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்புகளின் வழியே ஒரு கட்டம் அடுத்ததோடு இணைந்து, வளைந்து நெளிந்த ஒரு பாதை உருவாகியிருக்கும். இதற்குச் சங்கிலி என்று பெயர். சங்கிலியில் எங்கே ஒரு கோடு போட்டாலும் ஒரு கட்டத்துக்கு மூன்றாவது பக்கம் விழுகிறது. எதிராளி அதை மூடினால் அடுத்ததற்கு மூன்றாவது பக்கம் விழுகிறது. இப்படியே கடைசிவரை மூடிக்கொண்டு போகலாம். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும் சங்கிலி, வளையம்.

ஆகவே 'திடீரென்று' எதுவும் நடக்கவில்லை. பாதுகாப்பான கோடுகள் தீர்ந்த வேளையில் ஆடும் முறை யாருடையதோ அவர்தான் முதல் சங்கிலியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அது நீங்களாக அமைந்தது தற்செயலா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திறமான நிரலோடு ஆடும்போது அது தற்செயல் அல்ல.

நீளமான சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்த கணினி, கடைசி இரண்டு கட்டங்களை எனக்கு விட்டுவிட்டது. நிரலில் கோளாறா?

கோளாறல்ல, அந்த நிரல் நன்றாக ஆடத் தெரிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு உத்தி என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு 3×3 பலகையில் மொத்தம் 24 கோடுகளில் 13 போடப்பட்டுவிட்டன, ஒரு கட்டமும் இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியுள்ள பலகை இரண்டு சங்கிலிகளாகப் பிரிந்திருக்கிறது: ஒன்றில் 4 கட்டங்கள், மற்றதில் 5. பதினான்காவது கோடு இரண்டாமவருடையது. பாதுகாப்பான கோடு இல்லாததால் அவர் சிறிய சங்கிலியைத் திறந்துவிடுகிறார். முதலாமவர் ஆசைப்பட்டு நான்கு கட்டங்களையும் எடுத்தால், விதிப்படி அவரே மறுபடி ஆட வேண்டும். மிஞ்சியிருப்பது ஐந்து கட்டச் சங்கிலி மட்டும். அதை அவர் திறந்துவிட, எதிராளி ஐந்தையும் எடுத்து 5–4 என்று வென்றுவிடுவார்.

அதற்குப் பதிலாக முதலாமவர் இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு நிற்கட்டும். மீதி இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள கோட்டைப் போடாமல், சங்கிலியின் மறுமுனையில் உள்ள கோட்டைப் போடட்டும். இப்போது அந்த இரண்டு கட்டங்களும் ஒரே நடுக்கோட்டுக்காகக் காத்திருக்கின்றன. எதிராளி அந்தக் கோட்டைப் போட்டால் இரண்டு கட்டங்கள் ஒரே வீச்சில் கிடைக்கும், ஆனால் கட்டம் பிடித்ததால் அவரே மீண்டும் ஆட வேண்டும். போட அவருக்கு ஐந்து கட்டச் சங்கிலியைத் தவிர வேறு இடமில்லை. முதலாமவர் ஐந்தையும் எடுக்கிறார். முடிவு 7–2.

இரண்டு கட்டங்களை விட்டுக்கொடுத்து, திறந்துவிடும் கட்டாயத்தை எதிராளி தலையிலேயே திரும்ப வைப்பதுதான் இதன் சாரம். இப்படித் திரும்ப வைக்க முடிகிறவர் கையில் ஆட்டத்தின் 'பிடி' இருக்கிறது எனலாம். எதிராளி அந்த இரண்டை எடுக்காமல் விட்டாலும் தப்ப முடியாது. வேறு எங்கு கோடு போட்டாலும் சங்கிலி திறந்துவிடும், விட்ட இரண்டும் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். வளையத்தில் இதே வேலைக்கு நான்கு கட்டங்களை, இரண்டிரண்டாக, விட்டுக்கொடுக்க வேண்டும்; அதனால் வளையங்கள் நிறைந்த பலகையில் இந்தப் பிடிக்கு விலை அதிகம். இரண்டு நாற்கட்ட வளையங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால், முதல் வளையத்தை முழுவதும் கொடுத்து இரண்டாவதை முழுவதும் வாங்கி 4–4 என்றுதான் முடியும்.

இரண்டே கட்டங்கள் உள்ள சங்கிலியை நான் திறக்க நேர்ந்தால் எந்தக் கோட்டைப் போட வேண்டும்?

நடுக்கோட்டை. அதைப் போட்டுவிட்டால் இரண்டு கட்டங்களும் தனித்தனியாகிவிடும். எதிராளி இரண்டு கோடுகள் போட்டு எடுத்துவிட்டு, தானே அடுத்ததை ஆட வேண்டும். ஓரக்கோட்டைப் போட்டால் அவர் மறுமுனையை அடைத்துவிட்டு, இரண்டு கட்டங்களையும் உங்களிடம் தள்ளி, ஆடும் கட்டாயத்தையும் உங்களிடமே தள்ளிவிட முடியும். கட்டம் எப்படியும் போகத்தான் போகிறது என்று ஏதோ ஒரு கோட்டைப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் கையில் இருந்த ஆட்டத்தை இழக்கிறார்கள்.

ஒன்றும் இரண்டும் குறுஞ்சங்கிலிகள்; மூன்றும் அதற்கு மேலும் நீண்ட சங்கிலிகள் என்று பிரிப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று கட்டச் சங்கிலியை எங்கே திறந்தாலும் எதிராளியால் ஒன்றை எடுத்து இரண்டை விட முடியும்.

திறந்துவிடும் கட்டாயம் எதிராளிக்கு வருமா எனக்கு வருமா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். பெர்லிகாம்ப் விளக்கிய நீண்ட சங்கிலி விதி அதற்குத்தான். தொடக்கத்தில் இருந்த புள்ளிகளின் எண்ணிக்கையோடு, ஆட்ட இறுதியில் உருவாகப்போகும் நீண்ட சங்கிலிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையானால் பிடி முதலில் ஆடியவர் கையில். ஒற்றைப்படையானால் இரண்டாவதாக ஆடியவர் கையில். வளையங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குறுஞ்சங்கிலிகளையும் சேர்க்க வேண்டாம்.

ஆக, 36 புள்ளிகள் உள்ள 5×5 பலகையில் முதலாமவர் நீண்ட சங்கிலிகள் இரட்டைப்படையில் அமையவும், இரண்டாமவர் ஒற்றைப்படையில் அமையவும் பாடுபட வேண்டும். 25 புள்ளிகள் உள்ள 4×4 பலகையில் இது அப்படியே மாறிவிடும். மேலே பார்த்த 3×3 ஆட்டத்தில் 16 புள்ளிகள், இரண்டு நீண்ட சங்கிலிகள், கூட்டினால் 18. பிடி முதலாமவரிடம் இருந்ததற்குக் காரணம் அதுவே.

விதியை மனப்பாடம் செய்வது எளிது, பலகையைப் பார்த்து எத்தனை சங்கிலிகள் உருவாகும் என்று கணிப்பதுதான் கடினம். பாதி ஆட்டத்தில் தனித்தனியாகத் தெரியும் இரண்டு பாதைகளை ஒரு கோடு போடாமல் விடுவதால் ஒன்றாக்கிவிடலாம்; நீளமான ஒரு பாதையைக் குறுக்கே ஒரு கோட்டால் இரண்டாக வெட்டலாம்; மூன்று கட்டச் சங்கிலி உருவாகும் மூலையில் முன்னதாகவே ஒரு கோடு போட்டு அதைக் குறுஞ்சங்கிலியாகச் சுருக்கலாம். நடு ஆட்டம் என்பது முழுக்க இந்தப் போராட்டம்தான்.

அந்த விதி ஏன் சரியாக வருகிறது?

கணக்கு எளியது. 5×5 பலகையையே எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக ஒரு கோடு போட்டால் ஒருவர் முறை முடிகிறது. கட்டம் பிடிக்கும் கோடு போட்டால் முறை முடிவதில்லை. 25 கட்டங்களும் ஒவ்வொன்றாகப் பிடிபட்டால், 60 கோடுகளில் 25 கோடுகள் முறையை முடிக்காதவை. கடைசிக் கோட்டோடு ஆட்டமே முடிந்துவிடுவதால், அந்த இறுதி முறைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 60இலிருந்து 25 போய், ஒன்றைக் கூட்டினால் 36 முறைகள், அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை. எந்தச் செவ்வகப் பலகையிலும் இது இப்படியே பொருந்தும். ஒரே கோட்டில் இரண்டு கட்டங்கள் மூடப்படும் ஒவ்வொரு தடவையும் மொத்த முறைகள் ஒன்று கூடும்.

பிடியில் இருப்பவர் கடைசிச் சங்கிலியைத் தவிர மற்ற ஒவ்வொரு நீண்ட சங்கிலியிலும் இரண்டு கட்டங்களை விடுகிறார். ஒவ்வொன்றும் ஓர் இரட்டை மூடலைத் தருகிறது. மூன்று நீண்ட சங்கிலிகள் இருந்தால் இரண்டு இரட்டை மூடல்கள், மொத்தம் 38 முறைகள். இரட்டைப்படையான கடைசி முறை இரண்டாமவருடையது. கடைசிச் சங்கிலியும் அவருடையதே. வளையம் ஒவ்வொன்றும் இரண்டு இரட்டை மூடல்களைத் தருவதால், மொத்த முறைகள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை மாற்றுவதில்லை. வெளிக்கோடுகள் முன்பே போடப்பட்ட பலகையில் புள்ளிகளை எண்ணாமல், போட வேண்டிய கோடுகளிலிருந்து கட்டங்களைக் கழித்து ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பான கோடுகள் இன்னும் இருக்கும்போதே கணினி ஒரு கட்டத்தை எனக்குக் கொடுக்கிறதே?

சங்கிலிகளின் எண்ணிக்கை தனக்குப் பாதகமாக அமைவதைக் கண்டுகொண்ட நிரல் அப்படிச் செய்யும். இப்போது ஒன்றோ இரண்டோ கட்டங்களைத் தியாகம் செய்து ஒரு சங்கிலி உருவாவதைக் கெடுத்துவிட்டால், இறுதியில் ஏழெட்டுக் கட்டங்கள் திரும்பி வரும். இதைத் தானாகவே செய்யும் நிரல் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் எளிய நிலையில் ஆடும் நிரலும் கட்டங்களைக் கொடுக்கும், அது வெறும் கவனக்குறைவைப் போல நடிப்பது. எதிர் ஆட்டக்காரர் சலிப்படையாமல் இருக்க நிரலாளர் வேண்டுமென்றே புகுத்திய தவறு. இரண்டையும் வேறுபடுத்த, கொடுத்தபின் பலகையில் சங்கிலிகளின் எண்ணிக்கை மாறியதா என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஆடும் நிரல் எவ்வளவு திறமையானது என்று எப்படிச் சோதிப்பது?

மிக எளிய நிரல், எடுக்கக் கட்டம் இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் கண்ட இடத்தில் கோடு போடும். அதற்கு மேல் படியில் உள்ளது மூன்றாவது பக்கத்தைத் தவிர்க்கும், வேறு வழியில்லாதபோது இருப்பதிலேயே சிறிய சங்கிலியைத் திறந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது இந்தப் படியில்தான், கைபேசி நிரல்களில் 'கடினம்' என்று பெயர் பெற்றவையும் சில இதைத் தாண்டுவதில்லை. சோதனை இதுதான்: நீண்ட சங்கிலிகள் இரண்டு மிஞ்சியிருக்கும்போது சிறியதை நீங்கள் திறந்துவிடுங்கள். நிரல் முழுவதையும் விழுங்கினால் அதை எப்போதும் வெல்லலாம். இரண்டு கட்டங்களை விட்டால் மூன்றாவது படியில் இருக்கிறது. நடு ஆட்டத்திலேயே சங்கிலிகளை எண்ணித் தியாகம் செய்கிறது என்றால் நான்காவது படி. அதோடு மோதும்போது நீங்களும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

உள்ளே கணினி எப்படிச் சிந்திக்கிறது?

கோட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது நிரலாளருக்குப் பெரிய வசதி. ஒரு நிலையை அறிய, எந்தெந்தக் கோடுகள் போடப்பட்டுள்ளன என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒரு கோட்டுக்கு ஒரு பிட் (0 அல்லது 1) என்று நிலை முழுவதையும் ஒரே எண்ணாகச் சேமிக்கலாம். இதுவரை யார் எத்தனை கட்டங்கள் பிடித்தார் என்பதுகூட இனிமேல் ஆட வேண்டிய சிறந்த கோட்டை மாற்றாது. 3×3 பலகையில் இப்படி 1,67,77,216 நிலைகள் மட்டுமே சாத்தியம் என்பதால் சாதாரண மடிக்கணினியே அதை முழுவதும் அலசிவிடும். பெரிய பலகைகளில், பயன் தராத வழிகளைப் பாதியிலேயே கைவிடும் ஆல்ஃபா-பீட்டா தேடலும், பார்த்த நிலைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் அட்டவணையும், சுழற்றியும் கவிழ்த்தும் ஒன்றாகிவிடும் நிலைகளை ஒருமுறை மட்டும் பார்ப்பதும் கைகொடுக்கின்றன. மூலைக் கட்டத்தின் இரண்டு வெளிக்கோடுகளில் எதைப் போட்டாலும் ஒன்றே என்பதும் இத்தகைய ஒரு சிக்கனம். இது உங்களுக்கும் பயன்படும், அந்த இரண்டில் எது என்று யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இந்த விளையாட்டைக் கணினி முழுமையாகத் தீர்த்துவிட்டதா?

சிறிய பலகைகளைத் தீர்த்துவிட்டது. 4×4 பலகையில் 40 கோடுகள், ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி நிலைகள். டேவிட் வில்சன் என்ற ஆய்வாளர் அதைக் கணினியில் அலசி, இருவரும் பிழையின்றி ஆடினால் 8–8 என்று சமநிலையில் முடியும் எனக் காட்டினார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் பார்க்கரும் ரிச்சர்ட் கார்ஃபும் 2012-இல் 4×5 பலகையைத் தீர்த்தார்கள். 49 கோடுகள் கொண்ட அதுவும் சமநிலையே. அங்கிருந்து 5×5 பலகைக்குப் போக 11 கோடுகள்தான் கூடுகின்றன, ஆனால் ஒவ்வொரு கோடும் நிலைகளை இரட்டிப்பாக்குவதால் 2,048 மடங்கு பெருகுகிறது. பலகையின் அளவுக்கு வரம்பில்லை என்று கொண்டால், இது பிஸ்பேஸ்-முழுமை என்னும் கடினப் பிரிவைச் சேர்ந்த கணக்கு என்று 2021-இல் நிறுவப்பட்டது. எனவே 5×5 பலகையில் உங்களை வெல்லும் நிரல் எல்லாம் அறிந்தது என்று அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்தில் அதுவும் ஊகித்துத்தான் ஆடுகிறது, இறுதிக்கு இருபது முப்பது கோடுகள் இருக்கும்போதுதான் துல்லியமாகக் கணக்கிடத் தொடங்குகிறது. உங்கள் பக்கம் சங்கிலி எண்ணிக்கையைத் திருப்ப வேண்டுமானால் அதற்கு முன்பே திருப்பிவிட வேண்டும்.

முதலில் ஆடுவது நல்லதா, இரண்டாவதாகவா?

மேலே சொன்ன சமநிலை முடிவுகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எதிராளிக்குச் சங்கிலி விதி தெரியாது என்றால் எந்தப் பக்கமும் சரியே.

மூன்று அல்லது நான்கு பேர் ஆடினால் இந்த உத்திகள் செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. ஒற்றை, இரட்டை என்ற கணக்கு முழுவதும் இருவர் மாறி மாறி ஆடுவதை நம்பியிருக்கிறது. மூவர் ஆட்டத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் இரண்டு கட்டங்களை ஒருவர் எடுத்து அடுத்த சங்கிலியைத் திறக்க, அதை வாரிக்கொள்வது உங்களுக்கு முன் முறை பெறும் மூன்றாமவராக இருக்கும். அங்கே கிடைத்ததை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பொழுதுபோக்க நால்வர் ஆட்டம் நல்லது. ஆடக் கற்பதற்கு இருவர் ஆட்டம்தான்.

எந்த வரிசையில் பழகுவது?

3×3 பலகையில், கோட்டைத் திரும்பப் பெறும் வசதியோடு தொடங்குங்கள். தோற்ற ஆட்டத்தில் பாதுகாப்பான கோடுகள் தீர்ந்த இடம்வரை பின்னால் போய், எத்தனை நீண்ட சங்கிலிகள் உருவாகியிருந்தன என்று எண்ணுங்கள். அதற்கும் நான்கைந்து கோடுகள் முன்னால் போய், எந்தக் கோட்டை மாற்றிப் போட்டிருந்தால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும் என்று தேடுங்கள். பிறகு அதே நிலையிலிருந்து நிரலோடு மறுபடி ஆடிப் பாருங்கள். இந்தப் பயிற்சி கைவந்தபின் 5×5 பலகைக்கு மாறலாம். அங்கே முதல் பத்துக் கோடுகளுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் உறுதியான நீண்ட சங்கிலி ஒன்றை வகுத்துக்கொண்டு, மீதிப் பலகையில் இன்னும் ஒன்று உருவாக வேண்டுமா கூடாதா என்று மட்டும் பார்த்து ஆடினால் எண்ணுவது எளிதாக இருக்கும்.

தொடுதிரையில் பக்கத்துக் கோடு விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?

பலகையைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது தொட்டதும் கோட்டை மங்கலாகக் காட்டி, இரண்டாம் முறை தொட்டபின் உறுதிசெய்யும் நிரலைத் தேர்ந்தெடுங்கள். சிறிய கைபேசியில் 5×5 அளவுக்கு மேல் போகாதீர்கள். இணையத்தில் மனிதர்களோடு ஆடும்போது போட்ட கோட்டைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. நெருக்கமான ஆட்டங்களைச் சுட்டி உள்ள கணினியில் ஆடுவது மேல்.